தையல் பயிற்சியிலிருந்து சொந்த வருமானம் வரை: கிராமப்புறப் பெண்களுக்கான வழிகாட்டி

தையல் கற்ற பெண்கள் தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். தையலில் சம்பாதிக்கும் பெண்கள் அந்த அளவுக்கு இல்லை. பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கிய நாளுக்கும், கூலி கொடுத்துத் துணி தைக்க ஒருவர் வீட்டுக்கு வரும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். அந்த இடைவெளியைக் கடப்பது எப்படி என்பதையும், கடந்தபின் வரும் பணம் உண்மையிலேயே அந்தப் பெண்ணின் பணமாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன். காளான் வளர்ப்பு, அழகுக்கலை, மசாலாப் பொடி தயாரிப்பு போன்ற பிற தொழில்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் எடுத்துக்காட்டுகள் தையலிலிருந்தே வரும்.

சேருவதற்கு முன் ஊரைக் கணக்கெடுங்கள்

பயிற்சி இலவசம் என்பதற்காகவோ, பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்துவிட்டாள் என்பதற்காகவோ ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் ஊரிலும் நடந்துபோகும் தூரத்திலுள்ள பக்கத்து ஊர்களிலும் யார் யார் தைக்கிறார்கள், சாதா ஜாக்கெட்டுக்கு என்ன கூலி, லைனிங் ஜாக்கெட்டுக்கு என்ன கூலி, கொடுத்த துணி எத்தனை நாளில் திரும்பி வருகிறது, எந்த வேலைக்காகப் பெண்கள் பேருந்து ஏறி நகரத்துக்குப் போகிறார்கள் என்பதை விசாரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. நான்கு பேர் ஜாக்கெட் தைக்கும் ஊரில் ஐந்தாவது ஆளாக நுழைவது கடினம். ஆனால் அதே ஊரில் புடவைக்கு பால்ஸ் அடிக்கவும், துணியின் ஓரம் நூல் பிரியாமல் ஓவர்லாக் போடவும், சுடிதாரைப் பிடித்துக் கொடுக்கவும், புடவைக்குக் குச்சு கட்டவும் ஆள் இல்லாமல் இருக்கலாம். அந்தக் குறை உங்களுக்கான வேலை.

சந்தையைப் பார்க்காமல் தொழிலைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிப்பிக்காளான் நல்ல உதாரணம். வைக்கோலும் ஒரு சிறு குடிலும் இருந்தால் அதை வளர்த்துவிட முடியும். ஆனால் பறித்த காளான் சாதாரண வெப்பத்தில் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. பக்கத்தில் வாங்குபவர் இல்லாத ஊரில் நன்றாக விளைந்ததே நட்டமாகிவிடும். தைத்த துணிக்கு அந்த ஆபத்து இல்லை என்பதே, புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் தையலை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம். காளானிலோ கோழி வளர்ப்பிலோதான் விருப்பம் என்றால், உழவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் உங்கள் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் கிராமப்புற மாவட்டங்களில் பரவலாக அவை இருக்கின்றன.

எங்கே கற்பது

பெரும்பாலான பெண்களுக்கு நான் முதலில் சொல்வது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982-இல் கர்நாடகத்தின் தர்மஸ்தலாவுக்கு அருகிலுள்ள உஜிரேயில், கோயில் அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையமே இதற்கு முன்மாதிரி. பிற்பாடு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதை நாடு முழுவதும் விரிவுபடுத்தி, மாவட்டந்தோறும் ஒரு வங்கியின் பொறுப்பில் விட்டது. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவை இவற்றை நடத்துகின்றன. பயிற்சிக்கும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டணம் கிடையாது. பெண்களுக்கான தையல் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்பில் இருந்து, கடன் பெறுவதற்கும் தொழில் தொடங்குவதற்கும் வழிகாட்டுவது அந்த நிலையத்தின் கடமை. இந்த இரண்டாண்டுத் தொடர்பைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. நீங்கள் விடாமல் கேளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றுடன் நேரில் போகலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகவும் பெயர் கொடுக்கலாம்.

பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்திருக்கும் பெண்ணுக்கு ஒரு மாதப் பயிற்சியைவிட அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஓராண்டுத் தையல் படிப்பு பொருத்தமானது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவி அங்கே சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேருவதானால், அவர்கள் தரும் சான்றிதழ் அரசுத் திட்டங்களில் ஏற்கப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டுங்கள்.

எந்த நிலையமாக இருந்தாலும் சேரும் முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? துணியை வெட்டும் வேலையைக் கற்பவரே செய்கிறாரா, அல்லது ஆசிரியை வெட்டிக் கொடுக்க இவர்கள் மூட்டி மட்டும் தருகிறார்களா? பயிற்சி முடிவதற்குள் ஒருவர் தனியாக எத்தனை ஜாக்கெட்டுகளை முழுதாக முடிப்பார்? வெட்டத் தெரியாமல் தைக்க மட்டும் தெரிந்த பெண், வேறொருவர் வெட்டித் தரும் துணிக்காகக் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தினமும் போய் வருவதற்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பயணச் செலவு பலருக்கு இப்போது தடையாக இல்லை. குழந்தைதான் பெரிய தடை. இரண்டு வயது நிறைந்த பிள்ளையை அங்கன்வாடியில் விடலாம். அதற்கும் சிறிய குழந்தை என்றால், மாமியாரிடமோ அம்மாவிடமோ அக்காவிடமோ முன்கூட்டியே பேசி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று தெளிவாக ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பயிற்சியை நடுவில் விடுபவர்களில் பலர் தையல் வராமல் விடுவதில்லை. இந்த ஏற்பாடு இல்லாததால் விடுகிறார்கள்.

ஆலைவேலைக்கு அழைக்கும் பயிற்சி

திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கும் மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கும் ஆள் எடுப்பதற்காகவே நடக்கும் பயிற்சிகளும் உண்டு. முறையான நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குவது பல குடும்பங்களுக்கு நல்ல வழிதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கென மொத்தமாக ஒரு தொகை தரப்படும் என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப்போய், குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் வேலை வாங்கிய வரலாறும் அதே நூற்பாலைகளுக்கு உண்டு. நடுவில் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை மறுக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

ஆகவே யார் வந்து அழைத்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். சம்பளம் மாதந்தோறும் பெண்ணின் சொந்தக் கணக்கில் வருமா? வருங்கால வைப்பு நிதியும் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் தொகையும் பிடிக்கப்படுமா? பணி நியமனக் கடிதம் உண்டா? விடுதியில் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா, விரும்பும்போது வீட்டுக்கு வரலாமா? பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பணத்தைக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லும் எந்த இடத்துக்கும் பெண்ணை அனுப்ப வேண்டாம்.

கை பழகும் மாதங்கள்

ஒரு மாதப் பயிற்சியில் தையலின் எழுத்துகளைக் கற்றுக்கொள்ளலாம். வேகமும் நேர்த்தியும் அதற்குப் பிறகுதான் வரும். பயிற்சி முடிந்த அடுத்த நாளே தைக்கத் தொடங்காவிட்டால், கற்றதில் பாதி சில வாரங்களில் மறந்துவிடும். சொந்த இயந்திரம் இல்லாதவர்கள், இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் மதிய வேளையில் வாடகைக்குக் கேட்கலாம். அல்லது அவர் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்து, ஓரத்தை மடித்துக் கையால் தைக்கும் ஹெம்மிங் செய்து கொடுத்து, அதற்கு ஈடாகச் சில மணி நேரம் இயந்திரத்தில் உட்காரலாம். பழைய பருத்திப் புடவைகளை வெட்டிப் பழகுங்கள். வழுக்கும் செயற்கைப் பட்டைத் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

அளவு எடுப்பதில்தான் ஒரு தையல்காரரின் பெயர் நிற்கிறது. கிராமங்களில் பெரும்பாலும் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஜாக்கெட் பல முறை துவைத்துச் சுருங்கியிருக்கலாம். பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கலாம். அதை உடுத்தியவரின் உடம்பு அதன்பின் மாறியிருக்கலாம். எனவே அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டாலும், உடம்பில் நேரடியாக ஓர் அளவு எடுங்கள்: முழு உயரம், தோள் அகலம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், கைச் சுற்று, அக்குள் சுற்று, முன் கழுத்து இறக்கம், பின் கழுத்து இறக்கம். இரண்டும் ஒத்துவராத இடத்தில், இறுக்கமாக வேண்டுமா தளர்வாக வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய அளவு நோட்டு ஒன்று அவசியம். அடுத்த முறை அந்த அக்கா வரும்போது உங்கள் வேலை பாதியாகக் குறையும். ஆண்கள் இருக்கும் கடைகளில் அளவு கொடுக்கக் கூச்சப்படும் பெண்கள் பலர் என்பதால், ஒரு பெண்ணாக வீட்டின் உள்ளறையில் நிதானமாக அளவு எடுப்பதே உங்களுக்குள்ள பெரிய அனுகூலம்.

பருத்தி லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் கண்டிப்பாகத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ள வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி மேல்துணி சுருக்கம் விழும். அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார், காரணத்தையும் சொல்ல மாட்டார். அதுபோலவே பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே துணி விடுங்கள். உடம்பு சற்றே பெருத்தாலும் பிரித்துவிட்டு அதே ஜாக்கெட்டை உடுத்த முடியும் என்பதைக் கிராமத்துப் பெண்கள் மிகவும் மதிக்கிறார்கள்.

இயந்திரமும் கடனும்

ஏழைப் பெண்கள், கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சமூக நலத் துறையில் இருக்கிறது. தையல் தெரியும் என்பதற்கான சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். வயது 20 முதல் 40 வரை. விண்ணப்பத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் விசாரியுங்கள். பயிற்சிச் சான்றிதழை லேமினேட் செய்து, பல நகல்களுடன் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்பார்கள்.

அது கிடைக்காதவர்கள் நல்ல நிலையிலுள்ள பழைய கால்மிதி இயந்திரத்தில் தொடங்கி, வேலை வர வர மோட்டார் பொருத்திக்கொள்வது நல்லது. அதிவேக இயந்திரமும் ஓவர்லாக் இயந்திரமும் முதல் நாளே தேவையில்லை. வாடிக்கையாளர் வருவதற்கு முன் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வாரந்தோறும் தவணை கட்டச் சொல்லும் கடனை வருமானம் தொடங்காத நேரத்தில் வாங்கினால், அந்தத் தவணையை வயல்வேலைக் கூலியிலிருந்து கட்ட வேண்டிவரும். அப்போது தைப்பதற்கு நேரமே இருக்காது.

வேலை நிலைத்தபின் தேவைப்படும் தொகைக்கு முதலில் உங்கள் சுய உதவிக் குழுவையே நாடுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியவை. குழுவுக்கு வங்கிக் கடன் தரும் முறையை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் தொடங்கியது. சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் பிணையம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். பல இயந்திரங்கள் வைத்துப் புதிதாக ஒரு தையல் கூடம் அமைக்க எண்ணினால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 விழுக்காடு மானியமும் 5 விழுக்காடு சொந்தப் பங்கும் என்பது விதி. ஆனால் ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு அது கிடைக்காது என்பதால், தொடங்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் பேசிவிட வேண்டும்.

வட்டியைக் கேட்கும்போது, குறையும் அசலுக்கு வட்டியா, முழு அசலுக்கும் கடைசிவரை ஒரே வட்டியா என்று கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு முழு அசல் கணக்கில் 12 விழுக்காடு என்றால், பன்னிரண்டு மாதமும் 4,667 ரூபாய் கட்டுவீர்கள். நீங்கள் அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது.

கூலியைக் கணக்கிடுவது

கற்றுக்கொண்டு வந்த பெண்கள் தெரிந்தவர்களிடம் எப்படிப் பணம் கேட்பது என்று கூச்சப்பட்டே முதல் ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள். சித்தி, அத்தை, நாத்தனார் என்று எல்லோரும் ஊருக்குள் உறவுதான். அவர்களிடம் வாங்காவிட்டால் வேறு யாரிடமும் வாங்க முடியாது. எனவே கூலிப் பட்டியலை எழுதி இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். நேரில் விலை பேசும் சங்கடத்தை அந்தத் தாள் ஏற்றுக்கொள்ளும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். லைனிங் துணியும் சேர்த்து ஒரு ஜாக்கெட்டுக்கு 300 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங் 50, நூலும் கொக்கியும் 10, மின்சாரமும் இயந்திரப் பராமரிப்பும் 10 போக 230 ரூபாய் மிஞ்சுகிறது. வெட்டுவதற்கு அரை மணி, தைக்க இரண்டு மணி, கொக்கியும் ஹெம்மிங்கும் அரை மணி என மூன்று மணி நேரம் ஆனால், மணிக்கு ஏறத்தாழ 77 ரூபாய். பால்ஸ் அடிக்க 60 ரூபாய் வாங்கி, துணிக்கும் நூலுக்கும் 25 போனால் மிஞ்சுவது 35; அதற்கு 40 நிமிடம் ஆனால் மணிக்கு 52 ரூபாய்தான். ஆனாலும் பால்ஸை விடக் கூடாது. புதுப் புடவையைப் பால்ஸுக்குக் கொண்டு வருபவரின் பையில் ஜாக்கெட் துணியும் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பெண்ணுக்குத்தான், எந்த வேலையில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது தெரியும். மூன்று மணி நேர ஜாக்கெட்டை இரண்டரை மணியில் முடித்தால், கூலியை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் மணிக்கு 92 ரூபாய் கிடைக்கிறது.

பணம் யார் கையில்

தைப்பவர் மனைவி, பணம் வாங்குபவர் கணவர் என்றால் அங்கே வருமானம் இருக்கிறது. அவளுடைய சுதந்திரம் இல்லை. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் தனியாக இருக்கட்டும். அதோடு இணைந்த கைப்பேசி எண் உங்கள் கையிலுள்ள கைப்பேசியின் எண்ணாக இருக்கட்டும். சுவரில் ஒட்டும் க்யூஆர் அட்டை அந்தக் கணக்கையே காட்டட்டும். மகனின் கைப்பேசிக்குப் பணம் போகும் வீடுகளில், மாத முடிவில் எவ்வளவு வந்தது என்பது தைத்தவருக்கே தெரியாமல் போகிறது. இரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஏடிஎம் அட்டையைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால், வங்கிக்கு ஒருமுறை போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

நோட்டில் தேதி, யார், என்ன வேலை, வாங்கிய தொகை, செய்த செலவு, பாக்கி என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். தொழிலுக்கென்று ஒரு பங்கை, மாதம் 500 ரூபாயாக இருந்தாலும், தொடாமல் வையுங்கள். ஊசியும் பெல்ட்டும் மோட்டாரும் பழுதாகும்போது வீட்டுச் செலவிலிருந்து எடுக்க நேராது. வீட்டுக்கு எவ்வளவு தருவது என்பதை ஒரு நிலையான தொகையாகக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். மீதி உங்கள் முடிவு. சிலர் பிள்ளையின் படிப்புக்குச் சேமிப்பார்கள், சிலர் அடகில் இருக்கும் தன் தாலிக்கொடியை மீட்பார்கள். எதுவானாலும் அதைத் தீர்மானிப்பவர் சம்பாதித்தவராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 இலட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் அதே கணக்கிலிருந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஆடியும் தீபாவளியும்

தையல் வருமானம் மாதந்தோறும் ஒரே அளவில் வராது. தீபாவளி, பொங்கல், ஊர்க் கோயில் திருவிழா, ஆவணி மற்றும் தை மாதத் திருமணங்கள், ஜூன் மாதப் பள்ளித் திறப்பு ஆகியவற்றில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் இயந்திரம் சும்மா நிற்கும். தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கடைசித் தேதி ஒன்றை அறிவித்து, அதற்குப் பிறகு வரும் துணியை மறுத்துவிடுங்கள். சொன்ன நாளில் கொடுக்காத தையல்காரர் என்ற பெயர் ஒரு பண்டிகையில் வந்துவிட்டால் எளிதில் போகாது. ஆடி மாதத்தில் நைட்டியும் உள்பாவாடையும் தைத்து, சந்தை நாளில் வைத்து விற்கலாம். துணிப் பைகளும் தைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தடை இருப்பதாலும், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தாலும், திருமண வீடுகளில் தாம்பூலப் பைக்குத் துணிப்பை கேட்பது பரவியிருக்கிறது.

வேலை கையை மீறும்போது, ஊரில் தையல் கற்றுவிட்டுச் சும்மா இருக்கும் இன்னொரு பெண்ணைத் தேடுங்கள். கொக்கி, ஹெம்மிங், பால்ஸ் ஆகியவற்றை உருப்படிக்கு இவ்வளவு என்று பேசி அவரிடம் கொடுத்தால், உங்கள் நேரம் வெட்டுவதற்கும் தைப்பதற்கும் மிஞ்சும். அவருக்கான கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சத்துணவு உண்ணும் பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடைகளைத் தைப்பவை சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். உங்கள் பகுதிச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர இடம் இருக்கிறதா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். இடம் கிடைத்தால் பண்டிகையை நம்பாத வேலையும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து தைத்தாலும் நீங்கள் ஒரு தொழிலாளி. 18 வயது நிறைந்து 60 வயதுக்கு உட்பட்ட தையல் தொழிலாளர்கள் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, விபத்து மற்றும் இயற்கை மரண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அந்தப் பதிவின் வழியாகவே கிடைக்கும். மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் இதைச் செய்துகொண்டு, புதுப்பிக்க வேண்டிய தேதியை அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். புதுப்பிக்கத் தவறினால் உதவி கேட்கும் நேரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும்.